கச்சேரிப் பதிவில் பிட்ச் கோடு பிசகினால்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் முறை

கர்நாடக சங்கீதக் கச்சேரிப் பதிவைக் கணினியில் ஏற்றி, பாடகரின் குரல் எந்த நொடியில் எந்த ஹெர்ட்ஸில் இருந்தது என்று ஒரு பிட்ச் கோடு எடுக்கிறோம். ராகத்தை அடையாளம் காண்பது, கமகத்தை (ஸ்வரத்தின் அசைவை) அளப்பது, சங்கதிகளை (ஒரே வரியைப் பாடும் வேறு வேறு விதங்களை) ஒப்பிடுவது எல்லாம் அதற்கு மேல்தான். அந்தக் கோடு பிசகினால் மேலே கட்டுவது அத்தனையும் சரியும்.

நான் பார்க்கிற கோப்புகளில் திரும்பத் திரும்ப வருவது ஏழெட்டுக் கோளாறுகள்தான். பெரும்பாலும் நாம் கொடுத்த எண்ணில்தான் தவறு இருக்கும், பிட்ச் எடுக்கும் மென்பொருள் கருவியில் இருக்காது. பி-யின் (pYIN) என்ற கருவி சரியில்லை என்று மெலோடியாவுக்கும், அதுவும் சரியில்லை என்று கிரேப்புக்கும் ஓடுவதற்கு முன்னால் உங்கள் அறிகுறி கீழே எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத சோதனை முதலில் இருக்கும், நேரமும் பணமும் கேட்பது கடைசியில்.

## எல்லாவற்றுக்கும் முன்: காதால் ஒரு சோதனை

கிடைத்த கோட்டை ஒரு சைன் ஒலியாக (மேல் ஒலிகள் இல்லாத சுத்தமான ஒலி) மாற்றி, இடது காதில் மூலப் பதிவும் வலது காதில் சைன் ஒலியுமாகக் கேளுங்கள். சோனிக் விஷுவலைசர் மென்பொருளில் கோட்டை ஏற்றி அப்படியே ஒலிக்க விடலாம். ஆலாபனையிலிருந்து அரை நிமிடம், கிருதியின் நடுவிலிருந்து அரை நிமிடம், தாள வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்திலிருந்து அரை நிமிடம் போதும்.

படத்தில் அழகாகத் தெரியும் கோடு காதில் உதைக்கும். படத்தில் கிறுக்கலாக இருப்பது காதில் துல்லியமாகப் பொருந்தும். இந்தச் சோதனையைச் செய்யாமல் எந்த எண்ணையும் மாற்றாதீர்கள்.

## அறிகுறி: எல்லா ஸ்வரமும் ஒரே அளவு தள்ளி நிற்கிறது

ஹிஸ்டோகிராமில் (எந்தச் சுருதியில் குரல் எவ்வளவு நேரம் நின்றது என்று காட்டும் வரைபடம்) உச்சிகள் கூர்மையாக இருக்கின்றன, ஆனால் ஆதார ஸ்வரமான ஷட்ஜம் பூஜ்ஜியத்தில் இல்லை. எத்தனை சென்ட் (ஒரு ஸ்தாயிக்கு 1200 சென்ட்) தள்ளியிருக்கிறது என்று அளந்து பாருங்கள். காரணம் அந்த எண்ணிலேயே இருக்கும்.

### சுமார் 147 சென்ட்

சாம்பிள் ரேட் (ஒலியை விநாடிக்கு எத்தனை முறை அளந்து பதிவு செய்தார்கள் என்ற எண்) குழப்பம். 48,000 ஹெர்ட்ஸில் உள்ள கோப்பை 44,100 என்று சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள், அல்லது அதற்கு நேர்மாறாக. வீடியோவிலிருந்து பிரித்தெடுத்த ஒலியில் இது அதிகம், ஏனென்றால் வீடியோ ஒலி வழக்கமாக 48,000. கோப்பின் நீளத்தைப் பாருங்கள். பத்து நிமிடப் பாட்டு கிட்டத்தட்ட பதினொரு நிமிடமாகக் காட்டினால் சந்தேகமே வேண்டாம்.

### சரியாக 1200 சென்ட்

லிப்ரோசா என்ற பைத்தான் நூலகத்தில் கோப்பை ஏற்றும்போது சாம்பிள் ரேட் எதுவும் சொல்லாவிட்டால் அது தானாகவே 22,050-க்கு மாற்றி, இரண்டு சேனலையும் ஒன்றாக்கிவிடும். அந்த ஒலியை எசென்ஷியா என்ற இன்னொரு நூலகத்தின் மெலோடியாவிடம் கொடுத்தால், அது 44,100 என்று நினைத்துக்கொண்டு ஒரு ஸ்தாயி மேலே அளக்கும். மூல ரேட்டிலேயே ஏற்றச் சொல்லுங்கள், அல்லது இரண்டு இடத்திலும் ஒரே எண்ணைக் கொடுங்கள்.

இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. ஆதார ஷட்ஜத்தையும் அதே தவறான ரேட்டில் கண்டுபிடித்திருந்தால், இரண்டும் சேர்ந்து தவறி, சென்ட் கணக்கு சரியாகவே வரும். வேறொருவர் எடுத்த தரவோடு ஒப்பிடும் நாளில்தான் வெளியே வரும். ஆகவே ஷட்ஜத்தை ஹெர்ட்ஸிலும் ஒருமுறை பாருங்கள். ஒரு கட்டையில் (கட்டை என்பது பாடகர் ஷட்ஜம் வைக்கும் உயரத்தின் அளவு) பாடுபவரின் ஷட்ஜம் 131 ஹெர்ட்ஸ் அருகிலும், ஐந்தரைக் கட்டையில் பாடுபவரின் ஷட்ஜம் 208 அருகிலும் இருக்க வேண்டும்.

ரேட் சரியாக இருந்தும் 1200 வந்தால், ஷட்ஜத்தைக் கண்டுபிடித்த கருவி தம்புராவில் ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் மந்தரத் தந்தியைப் பிடித்திருக்கிறது. எசென்ஷியாவின் ஷட்ஜம் தேடும் கருவி ஆரம்ப நிலையில் 100 முதல் 375 ஹெர்ட்ஸ் வரை தேடும். ஐந்தரைக் கட்டையின் மந்தரம் 104 ஹெர்ட்ஸ், அதாவது எல்லைக்குள் மயிரிழையில் வந்துவிடுகிறது. பெண் குரல் என்று தெரிந்தால் கீழ் எல்லையை 150-க்கு ஏற்றுங்கள். ஆண் குரலுக்கு மேல் எல்லையை 180-க்கு இறக்குங்கள். பெரும்பாலான பதிவுகளுக்கு இதுவே போதும்.

### 700 அல்லது 500 சென்ட்

பஞ்சமத்தை ஷட்ஜம் என்று எடுத்திருக்கிறது. சங்கராபரணம் ஹரிகாம்போதி மாதிரித் தெரியும். ஷட்ஜத்தைத் தேட முழுக் கச்சேரியையும் கொடுக்காமல், பாட்டு தொடங்கும் முன் தம்புரா மட்டும் ஒலிக்கிற பகுதியைக் கொடுங்கள்.

ஆனால் அவசரப்பட்டுத் திருத்த வேண்டாம். கச்சேரியின் கடைசியில் வரும் துக்கடாக்களில் (சிறிய, எளிய உருப்படிகள்), புன்னாகவராளி, நாதநாமக்கிரியை, செஞ்சுருட்டி போன்ற ராகங்களை மத்யம சுருதியில் பாடுவது உண்டு. அங்கே பாடகரே மத்யமத்தை ஷட்ஜமாக வைத்துக்கொள்கிறார். கருவி சொல்வது தவறில்லை. கச்சேரி முழுவதற்கும் ஒரே ஷட்ஜம் என்று நீங்கள் எழுதி வைத்ததுதான் தவறு. பாட்டுக்குப் பாட்டு ஷட்ஜம் தேடுங்கள்.

### இருபது, முப்பது சென்ட்

கட்டைப் பட்டியலைப் பார்த்து எண்ணை நேரடியாக எழுதிவிட்டீர்கள் என்று அர்த்தம். மேடையில் யாரும் 130.81 என்று வைத்துக்கொள்வதில்லை. அளந்த எண்ணையே பயன்படுத்துங்கள்.

எதுவும் பொருந்தவில்லை என்றால் பாடத் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள். பத்து விநாடி தம்புராவைப் போட்டுக் காட்டினால் அவர் ஷட்ஜத்தைப் பாடிவிடுவார். அந்தக் குரலை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நூறு பதிவுகள் இருந்தால் சம்பளம் கொடுத்தே இந்த வேலையைச் செய்யலாம். தவறான ஷட்ஜத்தோடு ஓட்டிய கணக்கைத் திரும்ப ஓட்டுவதைவிட மலிவு.

## அறிகுறி: கோடு திடீரென்று ஒரு ஸ்தாயி தாவுகிறது

முதலில் இது தாவல்தானா என்று பாருங்கள். கோடு படத்தின் அடிவரை விழுந்து எழுந்தால் அது தாவல் இல்லை. குரல் இல்லாத இடத்துக்குக் கருவி பூஜ்ஜியம் கொடுத்திருக்கிறது, நீங்கள் அதையும் சேர்த்து வரைந்துவிட்டீர்கள். பூஜ்ஜியங்களை வெற்றிடமாக மாற்றிவிட்டு வரையுங்கள்.

உண்மையிலேயே 1200 சென்ட் தாவினால், கருவி தேடும் ஹெர்ட்ஸ் எல்லைகளைக் குறுக்குங்கள். எதையும் தவறவிடக்கூடாது என்று 50 முதல் 2000 ஹெர்ட்ஸ் வரை திறந்து வைப்பதுதான் இதற்கு முதல் காரணம். பாடகர்கள் பெரும்பாலும் மந்தர (கீழ் ஸ்தாயி) பஞ்சமத்திலிருந்து தார (மேல் ஸ்தாயி) பஞ்சமம் வரைதான் போகிறார்கள். ஷட்ஜத்தை 0.75-ஆல் பெருக்கினால் கீழ் எல்லை, மூன்றால் பெருக்கினால் மேல் எல்லை. 131 ஹெர்ட்ஸ் ஷட்ஜத்துக்கு 98 முதல் 392 வரை. இரு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டுக்கொள்ளுங்கள். மந்தர ஷட்ஜம் வரை இறங்கும் பாடகர் என்றால் கீழ் எல்லையை ஷட்ஜத்தின் பாதிக்குக் கொண்டுபோங்கள்.

அப்படியும் தாவுகிறதா? பிராட் (Praat) மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் ஸ்தாயித் தாவலுக்கான அபராத அளவை 0.35-லிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம். மற்றக் கருவிகளில் கோடு எடுத்த பிறகு திருத்த வேண்டும். அடுத்தடுத்த இரண்டு ஃபிரேமுக்குள் (ஃபிரேம் என்பது ஒரு அளவீடு, இங்கே பத்து மில்லி விநாடிக்கு ஒன்று) 1150 முதல் 1250 சென்ட் வரை தாவி, மூச்சு இடைவெளி இல்லாமல் அரை விநாடிக்குள் திரும்பி வந்தால் அதை மடக்கிச் சேர்க்கலாம். பத்து மில்லி விநாடியில் எந்தக் குரலும் ஒரு ஸ்தாயி ஏறாது. ஆனால் இடையில் மூச்சு வாங்கியிருந்தால் தொடாதீர்கள். மத்திய ஷட்ஜத்தில் நிறுத்திவிட்டுத் தார ஷட்ஜத்தில் எடுப்பது அன்றாடம் நடக்கிற சங்கதி.

தாவல் எப்போதும் மேலே போய், போன இடத்திலேயே சில விநாடி நின்றால், அது வயலினாக இருக்கலாம். அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

## அறிகுறி: பாடகர் நிறுத்திய பிறகும் கோடு ஓடிக்கொண்டிருக்கிறது

இதில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள், காரணங்களும் நிறைய.

### நம்பிக்கை அளவைப் பார்த்தீர்களா?

கிரேப் ஒவ்வொரு பத்து மில்லி விநாடிக்கும் ஏதாவது ஒரு ஹெர்ட்ஸ் எண்ணைக் கொடுத்தே தீரும், அமைதியாக இருந்தாலும் கொடுக்கும். கூடவே வரும் நம்பிக்கை அளவை வைத்து நீங்கள்தான் வெட்ட வேண்டும். பி-யின் கருவி, குரல் உண்டா இல்லையா என்று தனியாக ஒரு வரிசை தருகிறது. மெலோடியாவின் வாம்ப் செருகி (வேறு மென்பொருளில் சேர்த்து ஓட்டும் துணைநிரல்), குரல் இல்லை என்று நினைக்கும் இடத்துக்கு எதிர்ம எண்ணாகக் கொடுக்கும். கழித்தல் குறியை நீக்கிவிட்டுப் படம் வரைந்தால் அவையும் பாட்டாகத் தெரியும். இந்த மூன்றில் ஒன்று பாதிப் பேருடைய பிரச்சினையைத் தீர்த்துவிடுகிறது.

### கோடு ஷட்ஜத்திலோ பஞ்சமத்திலோ நேராக நிற்கிறதா?

தம்புரா. அடையாளம் கண்டுபிடிப்பது எளிது. ஒரு விநாடி நேரத்துக்கு இரண்டு மூன்று சென்ட்டுக்கு மேல் அசையாமல் நிற்கும். எவ்வளவு சுத்தமாகக் கார்வை கொடுத்தாலும் மனிதக் குரல் அப்படி நிற்காது. மெலோடியாவில் குரல் சகிப்பு அளவை 0.2-லிருந்து படிப்படியாகக் குறையுங்கள். மற்றவற்றில், ஷட்ஜ பஞ்சமத்தில் அசைவே இல்லாமல் நிற்கும் துண்டுகளை ஒலி அளவையும் சேர்த்துப் பார்த்து நீக்குங்கள். பதிவிலேயே தம்புரா குரலுக்குச் சமமாகக் கேட்டால் இதெல்லாம் போதாது. குரலைப் பிரித்தெடுக்க வேண்டியிருக்கும்.

### தனி ஆவர்த்தனத்தில் ஷட்ஜத்தில் துண்டு துண்டாக வருகிறதா?

மிருதங்கத்தின் வலந்தலை, அதாவது வலது பக்கத் தோல். அதை ஷட்ஜத்துக்குத்தான் கூட்டுகிறார்கள். நடுவில் உள்ள கரணையால் (கறுப்புப் பூச்சு) அதன் மேல் ஒலிகள் ஸ்வரம் போல ஒழுங்காக அமைகின்றன என்பதை சி.வி. ராமன் 1920-லும் 1934-லும் எழுதியிருக்கிறார். அதனால்தான் கருவி அதைக் குரலென்று நம்புகிறது. தனி ஆவர்த்தனத்தின் தொடக்கமும் முடிவும் கையால் குறித்து அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள். வேறு நுட்பம் தேட வேண்டாம், ஐந்து நிமிட வேலை.

### கோடு உயிரோடு இருக்கிறது, கமகம் வருகிறது, ஆனால் பாடகர் பாடவில்லை

வயலின். ஆலாபனையில் பாடகர் விட்ட இடத்தில் வயலின் தொடரும், கிருதியில் நிழல் போலக் கூடவே வரும். கருவிக்கு இரண்டும் ஒரே மாதிரியான பிரதான இசை. எண்களை மாற்றிப் பயனில்லை.

கேட்டுக் கையால் குறிப்பது முதல் வழி. வயலின் தனியாக வாசிக்கும் முறைகள் நீளமானவை, ஆகவே ஆலாபனையில் இது அவ்வளவு கடினம் இல்லை. இரண்டாவது, குரலையும் வாத்தியங்களையும் பிரித்தெடுக்கும் டீமக்ஸ், ஸ்ப்ளீட்டர் போன்ற இயந்திரக் கற்றல் மாதிரிகள். மேற்கத்திய பாப் பாடல்களில் பழகியவை இவை. டிரம்ஸ், பேஸ் தெரியும், கர்நாடக வயலின் தெரியாது. பிரித்தெடுத்த குரல் கோப்பில் வயலின் பாதி ஒட்டிக்கொண்டே வரும். குரல் கோப்பை முதலில் காதால் கேட்காமல் அதன் மேல் பிட்ச் கோடு எடுக்காதீர்கள்.

மூன்றாவது வழி தனித்தனி மைக் பதிவு. பார்சிலோனாவின் பொம்பேவு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் சேவியர் செர்ரா தலைமையில் நடந்த காம்ப்மியூசிக் திட்டத்தின் வழியாக வந்த சாரகா தொகுப்பில், கர்நாடகக் கச்சேரிகளின் தனித்தனி டிராக்குகள் ஒரு பகுதிக்கு உண்டு. மேடையில் பதிவானவை என்பதால் குரல் மைக்கிலும் வயலின் கசிந்து கேட்கும், ஆனால் கலவையைவிட எவ்வளவோ மேல். உங்கள் ஆராய்ச்சிக் கேள்விக்கு அந்தத் தொகுப்பு போதுமானதாக இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். இல்லை, உங்களிடம் இருக்கும் பழைய பதிவுகள்தான் வேண்டும் என்றால், கர்நாடக இசையில் புதிதாக ஒரு மாதிரியைப் பழக்க வேண்டும். அது மாதக்கணக்கான வேலை. இயந்திரக் கற்றல் தெரிந்த ஒருவரைத் திட்டத்தில் சேர்க்காமல் இறங்க வேண்டாம்.

## அறிகுறி: கமகம் தட்டையாகிவிட்டது, அல்லது படிக்கட்டாக வருகிறது

கேட்கும்போது காந்தாரம் நன்றாக அசைகிறது, கோட்டில் லேசான நெளிவுதான் இருக்கிறது என்றால், நீங்களே மென்மையாக்கிவிட்டீர்களா என்று முதலில் பாருங்கள். 51 ஃபிரேம் மீடியன் வடிகட்டி (பக்கத்து எண்களின் நடு மதிப்பை எடுத்துக் கோட்டை மென்மையாக்குவது) என்பது அரை விநாடி. வேகமான கம்பிதம் என்ற கமகம் விநாடிக்கு ஐந்தாறு முறை அசைகிறது. அரை விநாடி வடிகட்டியில் அது மொத்தமும் போய்விடும். ஐந்து ஃபிரேமுக்கு மேல் தாண்டாதீர்கள். சத்தத்தை நீக்குகிறேன் என்று இசையை நீக்கிவிட்டு, பிறகு இந்த ராகத்தில் கமகம் குறைவு என்று முடிவு எழுதுவது நம் சங்கீதத்துக்குச் செய்யும் அநியாயம்.

வடிகட்டி இல்லையென்றால் சாளர நீளம், அதாவது ஒரு எண்ணைக் கணக்கிடக் கருவி ஒரே சமயத்தில் பார்க்கும் ஒலியின் அளவு. லிப்ரோசாவின் பி-யின் 2048 சாம்பிள் எடுக்கிறது. 22,050 ரேட்டில் அது 93 மில்லி விநாடி. விநாடிக்கு ஆறு முறை அசையும் ஸ்வரத்தின் ஒரு சுற்று 167 மில்லி விநாடி. பாதிச் சுற்றுக்கு மேல் ஒரே சாளரத்துக்குள் மாட்டினால் ஏற்றமும் இறக்கமும் சராசரியாகிவிடும். 44,100 ரேட்டில் ஏற்றி அதே 2048-ஐ வைத்தால் சாளரம் 46 மில்லி விநாடிக்கு இறங்கும். 98 ஹெர்ட்ஸ் குரலுக்கு அதிலும் நாலு சுற்று கிடைக்கும், போதும்.

சரிபார்க்க நல்ல வழி ஸ்பெக்ட்ரோகிராமில் (ஒலியின் அதிர்வெண்களை நேரப்படி காட்டும் படம்) நாலாவது ஹார்மோனிக்கைப் (அடிப்படை அதிர்வெண்ணின் நாலு மடங்கில் வரும் மேல் ஒலி) பார்ப்பது. அங்கே ஹெர்ட்ஸ் அசைவு நாலு மடங்காகத் தெரியும். உங்கள் கோட்டை நாலால் பெருக்கி அதன் மேல் வையுங்கள். உச்சியிலும் அடியிலும் கோடு உள்ளடங்கி நின்றால் இன்னும் சாளரம் பெரிதாக இருக்கிறது.

படிக்கட்டு வேறு கதை. பி-யின் ஆரம்ப நிலையில் பத்து சென்ட் படிகளில்தான் அளக்கும். ரெசொல்யூஷனை 0.1-லிருந்து 0.02-க்கு இறக்குங்கள். நேரமும் நினைவகமும் கூடுதலாகத் தின்னும், ஆகவே பதிவைச் சின்னத் துண்டுகளாக ஓட்டுங்கள்.

## அறிகுறி: ஹிஸ்டோகிராமில் ஒரு ஸ்வரத்துக்கு உச்சியே இல்லை

ஷட்ஜமும் பஞ்சமமும் எப்படி இருக்கின்றன?

அவை கூர்மையாக இருந்து, வேறொரு ஸ்வரம் மட்டும் பரந்து கிடந்தால், கோளாறு எதுவும் இல்லை. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்கிற ஸ்வரம் அல்ல, ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையில் ஊசலாடுகிறது. அதற்கு 300 சென்ட்டில் ஒரு அழகான உச்சி வந்தால்தான் நீங்கள் சந்தேகப்பட வேண்டும். இதைச் சரிசெய்ய முயலாதீர்கள். ஹிஸ்டோகிராம் மட்டும் போதாது, கோட்டின் வடிவத்தையே ஒப்பிட வேண்டும் என்று பதிவு உங்களுக்குச் சொல்கிறது. எது கமகம், எது கருவியின் பிழை என்று தீர்மானிக்க முடியாத இடத்தில் அந்த ராகத்தைப் பாடுகிற ஒரு வித்வானோடு உட்காருங்கள். அரை மணி நேரம் போதும்.

ஷட்ஜ பஞ்சமமும் பரந்து கிடந்தால் பதிவின் சுருதி நகர்கிறது. கடைசி அறிகுறியைப் பாருங்கள்.

## அறிகுறி: குறித்து வைத்த நேரமும் ஒலியும் பொருந்தவில்லை

தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவு விலகல் என்றால், எம்பி3. சுருக்கும்போதும் விரிக்கும்போதும் முன்னால் அமைதி சேரும், 25 மில்லி விநாடி என்பது சாதாரணம். ஒருவர் எம்பி3-இல் குறித்து, இன்னொருவர் வேவ் கோப்பில் கணக்குப் போட்டால் இது வரும். எல்லோரும் ஒரே வேவ் கோப்பில் வேலை செய்யுங்கள்.

தொடக்கத்தில் சரியாக இருந்து போகப்போக விலகினால், ஹாப் அளவு, அதாவது ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததுக்கும் உள்ள இடைவெளி. பத்து மில்லி விநாடி வேண்டும் என்று 22,050 ரேட்டில் கணக்குப் போட்டால் 220.5 சாம்பிள் வரும். அரை சாம்பிள் கிடையாது, ஆகவே 220 என்று வைப்பீர்கள். நேரத்தை மட்டும் பத்து மில்லி விநாடி என்றே பெருக்குவீர்கள். ஒரு மணி நேரக் கச்சேரியின் முடிவில் எட்டு விநாடி விலகியிருக்கும், அதாவது ஆதி தாளத்தில் ஒரு ஆவர்த்தனம்கூடத் தவறலாம். 44,100-இல் 441 சாம்பிள் சரியாகப் பத்து மில்லி விநாடி. அதையே பயன்படுத்துங்கள்.

## அறிகுறி: இரண்டு சேனலில் கேட்ட குரல், ஒன்றாக்கியதும் மங்கிவிட்டது

ஒரு சேனல் தலைகீழாகப் பதிவாகியிருக்கிறது. சேர்க்கும்போது நடுவில் இருக்கும் குரல் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. ஆடாசிட்டியில் ஒரு சேனலை மட்டும் தலைகீழாக்கிவிட்டுச் சேர்த்துப் பாருங்கள். பழைய ஒற்றைச் சேனல் கேசட்டை ஸ்டீரியோ டெக்கில் ஓட்டிய பதிவு என்றால் சேர்க்கவே வேண்டாம். இரண்டில் தெளிவாக இருக்கும் சேனலை மட்டும் எடுங்கள்.

## அறிகுறி: பாட்டு நடக்க நடக்க சுருதி நகர்கிறது

பத்துப் பத்து விநாடியாகத் தம்புராவின் ஷட்ஜத்தை அளந்து ஒரு வரைபடம் போடுங்கள்.

பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் மட்டும் படி போல மாறினால், மேடையில் சுருதி சேர்த்திருக்கிறார்கள். பாட்டுக்கு ஒரு ஷட்ஜம் என்று வைத்தால் முடிந்தது.

ஒரே பாட்டுக்குள் சாய்வாக ஏறியோ இறங்கியோ போனால், டேப் ஓடிய வேகம் மாறியிருக்கிறது. வேகத்தில் ஒரு சதவீதம் மாறினால் சுருதி 17 சென்ட் மாறும். சாய்வு மெதுவாக இருந்தால் அளந்த ஷட்ஜத்தை அந்தந்த இடத்தில் கழித்துவிடலாம்.

சீக்கிரம் சீக்கிரமாக நடுங்கினால் விஷயம் கடினம், ஏனென்றால் அது கமகம் போலவே தெரியும். தம்புராவைப் பாருங்கள். குரல் நடுங்கும் அதே கணத்தில் தம்புராவும் அதே அளவு நடுங்கினால், அது இயந்திரம். தம்புரா நேராக இருந்து குரல் மட்டும் அசைந்தால், அது பாடகர். இயந்திரம்தான் என்று தெரிந்தால் அந்தப் பதிவில் கமக அளவீடு செய்யாதீர்கள். மூல டேப் இருக்கிறதா என்று தேடுங்கள்.

மூல டேப் கிடைத்தால் நீங்களே ஓட்டிப் பார்க்க வேண்டாம். டேப்பில் பூஞ்சை தெரிந்தாலோ, ஓட்டும்போது கீச்சிட்டாலோ, ஹெட்டில் பழுப்புத் தூள் படிந்தாலோ அந்த நொடியே நிறுத்துங்கள். இன்னொரு முறை ஓட்டினால் ஒலியே உதிர்ந்து போகலாம். டேப் பாதுகாப்புத் தெரிந்த ஒலி ஆவணக் கூடத்துக்குக் கொண்டுபோங்கள். கொடுக்கும்போது எழுத்தில் கேளுங்கள்: 96,000 ரேட், 24 பிட், இரண்டு சேனலும் தனித்தனியாக, இரைச்சல் நீக்கம் எதுவும் செய்யாத கோப்பு வேண்டும். ஓட்டிய வேகமும் டேப் உறையில் இருக்கும் எழுத்தும் குறிப்பாக வேண்டும். இரைச்சல் நீக்கித் தருகிறோம் என்று அன்போடு சொல்வார்கள். அதைத் தனிப் பிரதியில் செய்யச் சொல்லுங்கள், ஏனென்றால் இரைச்சலோடு முதலில் போவது தம்புராதான், மேலே சொன்ன பாதிச் சோதனைகளுக்கு அந்தத் தம்புரா வேண்டும்.